கோட்டின் ஓரத்தில் தைத்த காசு

அக்கா,

நம் கேட்டி ஊரில் நேற்று இந்த வருஷத்தின் முதல் குளிர்காற்று இறங்கியது. காலையில் மின்விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் பேத்தி பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் அலமாரியைத் திறந்து உங்கள் கோட்டை எடுத்தேன்.

கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு. முகத்தில் வைத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. அதற்கு அடியில் காப்பிப் பொடி. அதற்கும் அடியில், மூக்கை நன்றாக அழுத்தினால் மட்டும், நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம். போன வருஷம் தைலம்தான் முதலில் வந்தது. இந்த வருஷம் தேட வேண்டியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து இனியா வந்து நின்றாள். என் பேத்தியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, இப்போது என்னைவிட உயரம். ஹைஸ்கூலில் ஜெர்மன் எடுத்திருக்கிறாள். வகுப்பில் ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்கிய வார்த்தை, அதுவும் பணம் காசு சம்பந்தப்பட்டது, அது எங்கிருந்து வந்தது என்று எழுந்து நின்று விளக்க வேண்டுமாம். உண்டியல் பன்றி என்று அர்த்தம் வரும் ஒரு வார்த்தையை மற்ற பிள்ளைகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள்.

"பாட்டி, உனக்கு ஏதாவது ஜெர்மன் வேர்ட் தெரியுமா?" என்று சும்மா வம்புக்குக் கேட்டாள்.

கோட்டிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னேன். "நோட்குரோஷன்."

கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு, "வெயிட். பாட்டி, யூ நோ ஜெர்மன்?"

"ஒரு வார்த்தை தெரியும்" என்றேன். ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள் நான். இங்கிலீஷே எனக்குச் சாமான் பெயர் அளவுக்குத்தான் வரும். ஆனாலும் அந்த ஒரு ஜெர்மன் வார்த்தையை அதன் நெளிவு சுளிவோடு சொல்வேன். நீங்கள் திருத்தித் திருத்திச் சொல்லவைத்த வார்த்தை ஆயிற்றே.

உங்களை முதன்முதலில் பார்த்ததும் இந்தக் கோட்டோடுதான். வெளியே தார் உருகுகிற வெயில். இந்தியன் கடைக்குள்ளே காய்கறித் தட்டுக்கு முன்னால், கம்பளிக் கோட்டை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். நான் ஒரு கட்டு எடுத்ததும் என் கையைப் பார்த்து, "பிள்ளை, அந்தப் பயித்தங்காய் முத்தல். வாங்காதையும்" என்றீர்கள்.

"இது தட்டங்காய்க்கா" என்றேன்.

"நீர் என்ன பேர் சொன்னாலும் அது முத்தல்தான்."

எங்கள் சாத்தூர்ப் பக்கம் ஆண்பிள்ளைகள் தங்களுக்குள் நையாண்டியாக 'நீர்' என்று பேசிக்கொள்வார்கள். ஒரு பெண் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டு எதற்கு என்று கேட்டேன். "இந்தக் கடைக்காரர் ஏசி போடுறது காய்க்கு எண்டு என்ரை முழங்காலுக்கு விளங்குதில்லை" என்றீர்கள். அதற்கப்புறம் தெரிந்தது, நீங்கள் அடுத்த தெருவில்தான் இருக்கிறீர்கள் என்று. மகள் டாக்டர். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்து, சண்டைக்குப் பயந்து பிள்ளைகளோடு ஜெர்மனிக்குப் போய், அங்கே முதியோர் இல்லத்தில் துணி துவைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வயதான காலத்தில் மகளோடு டெக்சஸுக்கு வந்தவர் நீங்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குளத்தைச் சுற்றி நடப்போம். இங்கே குளம் என்று சொல்வது மழைத்தண்ணீர் நிற்க வெட்டிய பள்ளம்தான், ஆனாலும் வாத்து உண்டு. நான் பேசுவதில் பாதி உங்களுக்குப் புரியாது, நீங்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. இரண்டு பாதியையும் சேர்த்து ஒருமாதிரி முழுசாக்கிக்கொள்வோம்.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் கோட்டின் கீழ் ஓரத்தை என் கையில் கொடுத்தீர்கள். "தடவிப் பாரும்" என்றீர்கள். மடித்துத் தைத்த தையலுக்குள்ளே தாள் சரசரத்தது. மூலையில் வட்டமாக, கெட்டியாக ஏதோ ஒன்று.

"நோட்குரோஷன்" என்றீர்கள்.

அந்தக் கோட்டே உங்களுடையது இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். முதியோர் இல்லத்தில் நீங்கள் துணி துவைத்துக் கொடுத்த ஒரு ஜெர்மன்கார அம்மா தந்தது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே ஒரு பெரிய சண்டை முடிகிற நேரம். அம்மாவும் மகளுமாக, கிழக்கேயிருந்து பனியில் நடந்தே வந்தார்களாம்.

"தாய்க்காரி கோட்டு ஓரத்தைப் பிரிச்சு, உள்ளுக்குக் காசு வைச்சுத் தைச்சவவாம். நாங்கள் ஊரைவிட்டு ஓடேக்க என்னட்டைச் சேலைத் தலைப்பில முடிஞ்ச சில்லறைதான். நான் அதைச் சொல்ல அவ அழ, அவ சொல்ல நான் அழ, துவைச்ச துணியெல்லாம் ரெண்டாந்தரம் நனைஞ்சு போச்சு."

பிறகு வார்த்தையைப் பிட்டுப் பிட்டுச் சொன்னீர்கள். "நோட் எண்டால் அந்தரம். ஆபத்து அந்தரம் எண்டு சொல்லுவமே, அது. குரோஷன் எண்டால் பத்துச் சதம் மாதிரி ஒரு சின்னக் காசு. ரெண்டையும் ஒட்டினால் அந்தரக் காசு. விளங்குதே?"

"எங்க ஊர்ல இதைச் சிறுவாடும்போம்க்கா. தீப்பெட்டி ஒட்டின கூலியில வீட்டுக்காரருக்குத் தெரியாம ஒதுக்கி வைப்போம்."

நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். "இல்லைப் பிள்ளை. உம்மட சொல்லு காசு எப்பிடிச் சேர்ந்தது எண்டு சொல்லுது. இந்தச் சொல்லு எதுக்குச் சேர்ந்தது எண்டு சொல்லுது. ரெண்டும் வேற."

அதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். என் ஊரில் பெண்கள் எல்லாரும் சிறுவாடு சேர்த்தோம். எதற்கு என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் அந்தக் கஷ்டம் வந்துவிடும் என்று பயம். அந்த ஜெர்மன்காரர்கள் கஷ்டத்தின் பெயரையே முன்னால் நிறுத்தி, பின்னால் காசை நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் அந்தரம் எது என்றும் நான் அன்றே கேட்டேன். பருத்தித்துறைக்குப் போகிற செலவு அது என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை. மகள் டாக்டர், டிக்கெட் போடமாட்டாளா?

"போடுவாள். அவளின்ரை லீவுக்குப் போய், அவளின்ரை லீவுக்கு வரோணும். நான் அங்கையிருந்து வெளிக்கிடேக்க ஏஜென்சிக்காரன் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டனான். அடுப்பில உலை கொதிச்சபடி. திரும்பிப் போறதாவது ஒருத்தரையும் கேளாமல் போகோணும். எங்கட வீட்டு வளவுக்கு முன்னால, கடலைப் பார்த்துக்கொண்டு, எழும்போணும் எண்டு மனம் வாற வரைக்கும் இருக்கோணும்."

"அப்ப போயிட்டு வாங்கக்கா. காசுதான் இருக்கே."

"ஆசைக்கு எடுத்தால் பிறகு அந்தரத்துக்கு என்ன செய்யிறது?"

"ஆசை அந்தரமாகாதாக்கா?"

நீங்கள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரைக்கும் பேசவில்லை. பிறகு, "அது எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை" என்றீர்கள். எது கேட்டாலும் பதில் வைத்திருக்கும் உங்களிடமிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பனி பெய்து, கரண்டும் தண்ணீரும் நின்று, ஊரே உறைந்து கிடந்த அந்த வாரம் நினைவிருக்கிறதா? மகன் சரவணன் காரில் ஹீட்டர் போட்டு நம் இரண்டு பேரையும் பின் சீட்டில் உட்கார வைத்தான். கடைகளில் கார்டு வேலை செய்யவில்லை. நான் உங்கள் கோட்டைப் பார்த்தேன். நீங்கள் ஓரத்தைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இது அந்தரமில்லை, இது குளிர்" என்றீர்கள். சரவணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

அப்படிக் காத்துவைத்த தையலைத்தான் எனக்காகப் பிரித்தீர்கள்.

சரவணனுக்கு வேலை போயிருந்த சமயம் அது. எண்ணெய்க் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்போதுதான் சாத்தூரிலிருந்து என் தங்கை மகன் போன் பண்ணினான். "பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உங்களையேதான் கேட்டுக்கிட்டு இருக்கு." நான் சரவணனிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கேயாவது கடன் வாங்கியாவது அனுப்பிவைப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடமும் சொல்லவில்லை. ஆனால் நடையில் நான் பின்தங்கியதைப் பார்த்துவிட்டு நின்றீர்கள். "என்ன பிள்ளை, வாத்து உம்மை முந்திப் போகுது?" என்றீர்கள். அவ்வளவுதான், பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எழும்பும். வீட்டை வாரும்" என்றீர்கள்.

உங்கள் சமையலறை மேசையில் கோட்டை விரித்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் தையலை ஒவ்வொன்றாக வெட்டினீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது நீங்க ஊருக்குப் போற காசு."

"என்ரை ஊர் எங்கையும் போகாது. உம்மட தங்கச்சி போயிடுவாள்."

"நான் எப்படித் திருப்பித் தருவேன்?"

"கையை எடும் பிள்ளை, கத்தரிக்கோல் வெட்டிப்போடும். இவ்வளவு காலமும் எந்தெந்த நாட்டிலயோ இதைப் போட்டுக்கொண்டு திரிஞ்சன், ஒருநாளும் அந்தரம் எண்டு ஒண்டு எனக்கு நேர வந்து நிக்கேல்லை. இப்ப வந்து நிக்குது. அது உம்மட முகத்தில வந்தால் என்ன, என்ரை முகத்தில வந்தால் என்ன?"

தாள்களை எடுத்துக் கொடுத்தீர்கள். மூலையில் இருந்த காசை மட்டும் வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டீர்கள். மஞ்சள் நிறம், எங்கள் ஊர்ப் பழைய இருபது பைசா போல இருந்தது. கோட்டோடு வந்த குரோஷன். எந்தக் கடையிலும் செல்லாது. "கோட்டை வெறுமையா விடக்கூடாது. அந்த மனுசி அப்பிடித்தான் சொன்னவ" என்றீர்கள்.

போனேன். தங்கையைப் பார்த்தேன். என் கையால் கஞ்சி குடித்தாள். "அமெரிக்காக்காரி, கை ஏன்க்கா இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது சரவணனுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. உங்கள் டிக்கெட்டைத் தானே எடுத்துத் தருவதாக அவன் வந்து கேட்டான். "உம்மட அம்மா தைப்பா. நீர் உம்மட வேலையைப் பாரும் தம்பி" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். என்னிடம் சொன்னது இது: "கோட்டு இருக்கு. ஆறுதலா நிரப்பும். நிரம்பினால் ரெண்டு பேருமாப் போவம்."

அப்படித்தான் நான் காராச்சேவு போட ஆரம்பித்தேன். சாத்தூர்க்காரி கைக்கு அது தானாக வரும். முதலில் மருமகளின் சிநேகிதிகள் வாங்கினார்கள், பிறகு கோயிலில் பார்த்தவர்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள். வருகிறவர்கள் எல்லாம், "ஆன்ட்டி, போன்ல அனுப்பிடறேன்" என்பார்கள். நான் ஒப்பவில்லை. போனில் வந்தால் அது மருமகள் கணக்கில் ஒரு எண்ணாக நிற்கும், அதை எப்படித் தைப்பது? தாள்தான் வேண்டும் என்றேன். பெரிய பெரிய என்ஜினீயர்கள் காராச்சேவுக்காக பேங்க் மெஷினுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். "பாட்டி, உங்க கடை மட்டும்தான் கேட்டியிலேயே கேஷ் ஒன்லி" என்று ஒரு பையன் சொன்னதை உங்களிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள்.

வாரக் கடைசியில் உங்கள் மேசைக்கு வந்து, என் கையால் தாளை மடித்து வைத்துத் தைப்பேன். தையல் கோணலாக இருந்தால் பிரிக்கச் சொல்வீர்கள். தைத்து முடித்ததும் ஓரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இப்ப சென்னை வரைக்கும் வந்திட்டம்" என்பீர்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் எங்கேயோ நீங்கள் நின்றுவிட்டீர்கள், அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை நடக்க வரவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரி என்றார்கள். நான் வந்தபோது உங்களுக்குப் பேச்சு இல்லை. கை மட்டும் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நர்ஸ் அதை எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி வெளியே வந்து தடவியது. என்ன தேடுகிறீர்கள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சரவணனை உங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கோட்டை எடுத்து வரச்சொன்னேன். அதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆனபிறகு உங்கள் மகள் கோட்டைக் கொண்டு வந்தாள். "இது உங்களுக்கெண்டு அம்மா முந்தியே சொல்லி வச்சவ, ஆன்ட்டி. டிரை க்ளீன் பண்ணித் தரட்டே?"

"வேண்டாம்மா" என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோனது. அப்புறம் இருவருமாக அந்தக் கம்பளியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "அது உங்கட" என்றாள். நான் நிறுத்தவில்லை. நீங்கள் இல்லாத வாரங்களிலும் காராச்சேவு போட்டேன், தைத்தேன். கோணலாக இருந்தால் நானே பிரித்தேன்.

இன்றைக்கு மத்தியானம் இனியா வகுப்பில் நோட்குரோஷனைச் சொல்லிவிட்டு வந்தாள். நேற்று அவளே போனில் தேடிப் படித்திருந்தாள். எனக்கும் தமிழில் பாதி இங்கிலீஷில் பாதியாக விளக்கினாள். ரொம்ப காலத்துக்கு முன்னால் அந்த ஊர்க் காசு இலை மாதிரி மெல்லிசாக இருக்குமாம். வளையும், ஒடியும், ஒரு பக்கம்தான் முத்திரை. பிறகு கனமாக ஒரு வெள்ளிக் காசு வந்தது. தடித்த காசு என்றே லத்தீனில் அதற்குப் பெயர். அந்தத் 'தடித்த' என்ற சொல்தான் செக்குக்காரர்கள் வாயில் புகுந்து, ஜெர்மன்காரர்கள் வாயில் குரோஷன் ஆனது. ராஜாக்கள் போனார்கள், வெள்ளி போயிற்று, வேறு காசு வந்தது. ஜனங்கள் பத்து ஃபெனிக் சில்லறைக் காசுக்கு அந்தப் பழைய பெயரையே வைத்துக் கூப்பிட்டார்கள். கடைசியில் அதுவும் செல்லாமல் போய் ஈரோ வந்துவிட்டது.

"சோ பாட்டி, இப்போ குரோஷன் யார்கிட்டயும் இல்ல. பட் எல்லாரும் இன்னும் நோட்குரோஷன்னுதான் சொல்றாங்க. காயின் போயிடுச்சு, வேர்ட் மட்டும் நின்னுடுச்சு."

டீச்சர் அவளிடம் இந்த வார்த்தை எங்கே கிடைத்தது என்று கேட்டாராம். "மை கிராண்ட்மாஸ் பெஸ்ட் ஃபிரெண்ட்" என்று சொல்லியிருக்கிறாள். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாளாம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு கோட்டைத் தூக்கி ஓரத்தைத் தடவினாள். "பாட்டி, இது ஃபுல்லா இருக்கு."

ஆமாம். தூக்கினாலே தெரிந்தது. எப்போதோ சென்னையைத் தாண்டிவிட்டது. நான்தான் தெரியாததுபோல் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சமையலறை மேசையில் கோட்டை விரித்தேன். சரவணன் வந்து பார்த்துவிட்டு விஷயம் தெரிந்துகொண்டான். "யாழ்ப்பாணத்துல நமக்கு யாரும்மா இருக்கா?" என்றான்.

"யாரும் இல்லடா."

"சரி, டிக்கெட்டாவது நான் போடறேன்."

"உன் லீவுக்குப் போக மாட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். உங்களோடு பழகியவன்தானே.

இனியா தையலை வெட்ட வெட்ட நான் தாளை எடுத்தேன். மூலைக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கு மேல் பிரிக்க வேண்டாம் என்றேன். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாட்டி, ஆனா இது எமர்ஜென்சிக்குத்தானே? இப்போ என்ன நோட், என்ன ஆபத்து?"

நீங்கள் அன்றைக்குக் குளத்தைச் சுற்றி வந்து பதில் இல்லை என்றீர்களே, அந்தக் கேள்விதான். எனக்குச் சுற்றி வர வேண்டியிருக்கவில்லை.

"அக்காவைப் பாக்கணும் போல இருக்கு" என்றேன்.

தை மாதம் போகிறேன். விமானத்தில் இந்தக் கோட்டுத்தான். பருத்தித்துறையிலும் இதைக் கழற்றப்போவதில்லை. அந்த வெயிலில், கம்பளிக் கோட்டை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டு வளவுக்கு முன்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கிழவியைக் கண்டால் ஊர் சிரிக்கும். யார் எவர் என்று கேட்பார்கள். சொல்கிறேன். எழும்ப வேண்டும் என்று மனம் வருகிற வரைக்கும் இருக்கிறேன். கை சும்மா இருக்காது, ஓரத்து மூலையைத் தடவிக்கொண்டிருக்கும். அங்கே அந்தக் காசு இருக்கும், அக்கா. கோட்டை வெறுமையாகக் கொண்டு வரமாட்டேன்.